சனி மூலையிலிருந்து கன்னி மூலைக்கு ஒரு கயிறு

போன வாரம் செஞ்சி கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "மேடம்!" என்று ஒரு குரல். திரும்பினால், தாலுகா ஆபீசில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சர்வேயர் பெண். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பி, அதன் தலையில் வெள்ளையாக உருண்டையாக ஒரு கருவி. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளோடு பேசி, நாம் நிற்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடுமாம். எங்கள் காலத்தில் வானத்தைப் பார்த்தால் மழை வருமா என்று பார்ப்பதற்குத்தான்.

"மேடம், இந்த மிஷின் எல்லாத்தையும் சொல்லிடுது. ஆனா பாகம் பிரிக்கிற எடத்துல ரெண்டு துண்டும் ஒண்ணுதான்னு ஜனங்கள நம்ப வெக்க முடியல. ஸ்கிரீனக் காட்னா, இன்னாம்மா டிவி காட்றியான்னு கேக்கறாங்க. நீங்க ஒரு தடவ கயிறு கட்டிக் காமிச்சீங்களாமே, முனுசாமி அண்ணன் சொன்னாரு. அத எழுதிக் குடுங்க மேடம்."

முனுசாமி என்னோடு கடைசிவரை வேலை பார்த்த சங்கிலி ஆள். அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பவர். நல்ல மனிதர், ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்லத் தொடங்கினால் அதற்குக் கை கால் முளைத்துவிடும். அவர் வாயில் இந்தக் கதை இன்னும் நாலு இடம் சுற்றினால், நான் ராஜகிரிக் கோட்டையையே கயிறு கட்டி இழுத்தேன் என்று ஆகிவிடும். அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் நில அளவையில் சேர்ந்தபோது, பெண்பிள்ளை வெயிலில் எல்லைக் கல் தேடிக்கொண்டு காடு மேடு அலைவதா என்று சொந்தக்காரர்கள் அங்கலாய்த்தார்கள். என் நைனா மட்டும், "கெவுருமென்டு சம்பளத்துல நடக்கறா, நீங்க சும்மாவே நடக்கறீங்க" என்று வாயை அடைத்துவிட்டார். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலில் கொப்புளம் வந்தது, முகம் கறுத்தது, பிறகு இரண்டும் பழகிப்போயின. மனதில் நின்றவர் ஒருவர்தான், என் முதல் மேலதிகாரி, ஆய்வாளர் தணிகாசலம்.

ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் கிராம்பு இருக்கும். யாரையும் நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சங்கிலி ஆளுக்கும் வாங்க போங்கதான், வரப்பில் குறுக்கே நிற்கும் எருமைக்கும் "கொஞ்சம் நகருங்க" என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "தாங்கள் அளந்திருப்பது எந்த ஊர் வயல் என்று அடியேன் தெரிந்துகொள்ளலாமா?" என்று அவர் கேட்டால், அன்றைய வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

முதல் வாரமே எங்களைக் கோட்டை அடிவாரத்துக்குக் கூட்டிப்போய், நான்கு துவரை மிளார்க் குச்சிகளை எடுத்து முனைகளை நூலால் கட்டச் சொன்னார். சதுரம் கிடைத்தது. ஒற்றை விரலால் ஒரு மூலையைத் தள்ளினார். சதுரம் சாய்ந்து படுத்துக்கொண்டது. பக்கங்கள் நான்கும் அதே நீளம்தான், உருவம் மட்டும் வேறு. பிறகு ஒரு மிளாரை எடுத்துவிட்டு மூன்றைக் கட்டச் சொன்னார். தள்ளினார், அசையவில்லை. "மூணு பக்கம் சொல்லுங்க, அந்த முக்கோணத்த அப்படியே கையில குடுக்கறேன். நாலு பக்கம் சொன்னீங்கன்னா எத்தன வயல் வேணும், அதையும் சொல்லிடுங்க" என்றார். எந்த வயலாக இருந்தாலும் குறுக்கே ஒரு கோடு இழுத்து முக்கோணங்களாக்கி அளப்பது எங்கள் தொழில். ஏன் அப்படி என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

அவரிடம் இன்னொரு பிடிவாதம் இருந்தது. காலண்டர் அட்டையில் முக்கோணங்கள் வெட்டி வைத்திருப்பார். ஒன்றை நேராக வைப்பார், இன்னொன்றைத் தலைகீழாக வைப்பார். "ரெண்டும் ஒண்ணா?" என்பார். நாம் கண்ணால் பார்த்துவிட்டு ஆமாம் என்றால் போதாது. முதல் அட்டையின் ஒவ்வொரு மூலையையும் தொட்டு, அது மற்ற அட்டையில் எந்த மூலைக்குப் போகிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். "ஆளு ஆளுக்கு எடம் சொல்லுங்க. எந்த மூல எங்க போவுதுன்னு தெரியாம ஒண்ணுன்னு சொல்றது வாய் ஜாலம்" என்பார். சர்வசம முக்கோணம் ஏழாம் வகுப்பிலேயே படித்ததுதான். பக்கம்-பக்கம்-பக்கம் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் மூலைக்கு மூலை ஆள் அனுப்ப வேண்டும் என்பதை இவர்தான் என் மண்டையில் ஏற்றினார்.

அந்தப் படிப்பு கடைத்தெருவிலும் உதவியது. முக்கில் அடுத்தடுத்து முக்கோண மனை வைத்திருந்த இரண்டு கடைக்காரர்களில் ஒருவர், ஒருநாள் மூச்சிரைக்க ஆபீசுக்கு வந்தார். அவருடைய மனைப்படத்தையும் பக்கத்துக் கடைக்காரரின் படத்தையும் மேசையில் விரித்தார். "மூணு கோணமும் ஒண்ணுதாம்மா, டிகிரி வெச்சுப் பாத்துட்டேன். அப்பறம் அவன் மனை மட்டும் எப்படி இவ்ளோ பெருசா இருக்குது?" என்றார். அவருக்குத் தூக்கமே போய்விட்டதாம். பார்த்தால், பக்கத்துக் கடைக்காரர் தன் படத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி வாங்கியிருக்கிறார், கண் சரியாகத் தெரியாததால். கோணம் ஒன்றானால் சாயல்தான் ஒன்று, அளவு ஒன்று என்று ஆகாது. அதைச் சொல்லிப் புரியவைத்து, இரண்டு மனையின் பக்கங்களும் ஒன்றுதான் என்று அளந்து காட்டியதும், அவர் எனக்குப் பன்னீர் சோடா வாங்கித் தந்துவிட்டுத்தான் போனார்.

இப்போது கயிற்றுக் கதைக்கு வருகிறேன்.

அனந்தபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். அண்ணன் கோவிந்தசாமி, தம்பி ஏழுமலை. அப்பா விட்டுப்போன மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வயலைப் பாகம் பிரித்துக்கொண்டதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. தை மாதம் கோவிந்தசாமியின் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பந்தக்கால் நடும்போது பங்காளிகள் கை வைக்க வேண்டும். கூடப் பிறந்த தம்பி உள்ளூரிலேயே இருந்துகொண்டு வரவில்லை என்றால், சம்பந்தி வீட்டார் முன்னால் தலை நிமிர முடியாது. ஏழுமலையோ, "மொதல்ல வயல ஒழுங்கா அளக்கட்டும், என் துண்டு கொறையலன்னு தெரியட்டும், அப்பறம் அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

தேன்மொழியே என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தாள். அன்று அமாவாசை. செஞ்சி பஸ் நிலையமே மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறவர்களால் பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தை நீந்தி வந்த பெண், தலைமுடி கலைந்து, வியர்வையோடு என் எதிரே உட்கார்ந்தாள்.

"மேடம், என்னத் தூக்கி வளத்ததே எங்க சித்தப்பாதான். அவரு கை வெக்காம பந்தக்கால் நட வுட மாட்டேன். நைனாகிட்ட சொல்லிட்டேன், கல்யாணமே தள்ளிப் போனாலும் போவட்டும்."

"மாப்பிள்ள இன்னா சொல்றாரு?"

"அவருக்கு டென்ஷன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் அளவைச் சீக்கிரமாக வைத்துக்கொண்டேன்.

அந்த வயலின் அமைப்பைச் சொல்ல வேண்டும். நாலு பக்கம், ஆனால் செவ்வகம் இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்த வயல். வடக்கும் தெற்கும் நீளம், இரண்டிலும் வண்டிப்பாதை. கிழக்கும் மேற்கும் குட்டை. வடகிழக்கு மூலையில், நம் ஊரில் சனி மூலை என்போமே, அங்கே கிணறு. கிணறு இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று, அந்தக் கிணற்று மூலையிலிருந்து எதிரே இருக்கும் தென்மேற்குக் கன்னி மூலைவரை குறுக்கே கோடு கிழித்துவிட்டார்கள். வடக்குத் துண்டு அண்ணனுக்கு, தெற்குத் துண்டு தம்பிக்கு. நல்ல யோசனைதான். வினை எங்கே வந்தது என்றால், கன்னி மூலையில் நின்று பார்த்தால் அண்ணன் துண்டு வாயை அகலத் திறந்துகொண்டு கிடக்கும், தம்பி துண்டு வாலாய்ச் சூம்பிக் கிடக்கும். ஏழுமலையின் வீடு அந்தப் பக்கம்தான். கிணற்றடியில் நின்று பார்த்தாலோ எல்லாம் நேர்மாறு. மோட்டார் போடப் போகும் கோவிந்தசாமி தினமும் பார்ப்பது அதைத்தான். இரண்டு பேருமே தான்தான் ஏமாந்தோம் என்று உண்மையாகவே நம்பினார்கள். இப்படி ஒரு சண்டையை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை.

முதலில் முறைப்படி டேப்பால் அளந்தேன். வடக்கும் தெற்கும் ஒன்று. கிழக்கும் மேற்கும் ஒன்று. குறுக்குக்கோடு இரண்டுக்கும் பொது. மூன்று பக்கமும் மூன்று பக்கத்துக்குச் சமம், இரண்டும் சர்வசம முக்கோணங்கள், வேலை முடிந்தது என்று நான் நிமிர்ந்தேன். ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"உங்க டேப்பு சொல்லுது மேடம். என் கண்ணு சொல்லலியே."

"எனக்குந்தான் சொல்லல" என்றார் கோவிந்தசாமி, தம்பியைப் பார்க்காமல், என்னைப் பார்த்து. பேச்சில்லாத அந்த ஒரு வருஷத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம் என்னை நம்புவதில்லை என்பதுதான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் தணிகாசலம் சார் என்ன செய்திருப்பார் என்று நினைத்தேன். அட்டையை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் காட்டியிருப்பார். வயலை வெட்டி எடுத்து வைக்க முடியாது. ஆனால் வயலின் ஓரத்தை எடுத்து வைக்கலாமே? மறுநாளே கடைத்தெருவுக்குப் போய்க் கயிற்றுக் கடையில் நார்க் கயிறு வேண்டும் என்று அளவைச் சொன்னேன். நைலான் இழுத்தால் நீளும், அதனால் வேண்டாம் என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, தேர் இழுக்கப் போறீங்களா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன்.

பந்தக்கால் நடுவதற்கு முந்தின நாள் காலை. மல்லாட்டை பிடுங்கின வயல் வெறுமையாகக் கிடந்தது. ஊரே வரப்பில் உட்கார்ந்திருந்தது, முறுக்கு விற்பவர்கூட வந்துவிட்டார். அண்ணன் துண்டின் மூன்று மூலைகளையும் சுற்றிக் கயிற்றை விறைப்பாக இழுத்து, மூலைக்கு மூலை மஞ்சள் துணியால் முடிச்சுப் போட்டேன். முடிச்சைப் பிடிக்க மூன்று பேர் வேண்டும். வேறு யார் பிடித்தாலும் நாளைக்கு அவர்கள் மேல் பழி வரும். அதனால் சண்டைக்காரர்களையே பிடிக்கச் சொன்னேன். சனி மூலையில் கோவிந்தசாமி. அங்கே எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டியிருந்தார்கள், அந்த மூலையை வீட்டுக்கு மூத்தவன்தான் பிடிக்க வேண்டும் என்று அவரே போய் நின்றுகொண்டார். கன்னி மூலையில் ஏழுமலை. வடமேற்கு மூலையில் தேன்மொழி.

"இப்ப இதே கயிற ஏழுமல துண்டு மேல வெக்கப் போறோம். பொருந்திச்சின்னா ரெண்டும் ஒண்ணு. சரியா?" என்றேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தேன்மொழி முடிச்சைத் தூக்கிக்கொண்டு தென்கிழக்கு மூலையைப் பார்க்க ஓடினாள். நைனாவும் சித்தப்பாவும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவர்கள் நின்றது இரண்டு துண்டுக்கும் பொதுவான மூலைகள் ஆயிற்றே, எதற்கு நகர வேண்டும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். விளைவு என்ன? சித்தப்பாவின் பக்கத்துக் கயிறு எட்டவில்லை. நைனாவின் பக்கத்துக் கயிறு தொளதொளவென்று தொங்கியது. இரண்டும் விறைக்கும் இடத்தைத் தேடித் தேடி அந்தப் பெண், தெற்கு வண்டிப்பாதையைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குள் போய் நின்றாள்.

"யம்மா, அளக்கறது உங்க வயலயா என் வயலயா?" என்று அந்த வயல்காரர் எழுந்து நின்று கேட்டார். வரப்பு முழுவதும் சிரித்தது.

ஏழுமலை சிரிக்கவில்லை. "பாத்தீங்களா! பொருந்தல! நான் சொல்லிக்கினே இருக்கறேன், யாரும் கேக்கல!" என்று முடிச்சைக் கீழே போடப் போனான். முடிச்சு மண்ணில் விழுந்தால் அத்தோடு பந்தக்காலும் விழுந்தது.

"ஏழுமல, முடிச்ச வுடாத!" என்று கத்தினேன். தணிகாசலம் சார் மாதிரி எனக்கு மரியாதையாகக் கோபப்படத் தெரியாது. "ரெண்டு பேரும் எடம் மாத்தி நிக்கணும். ஒங்கண்ணன் நிக்கற எடத்துக்கு நீ போவணும், நீ நிக்கற எடத்துக்கு அவரு வரணும். அப்பறம் பொருந்துதா இல்லியான்னு பாரு."

"அவன் நின்ன எடத்துல நான் ஏன் நிக்கணும்?" என்றான் ஏழுமலை.

"சனி மூலைய உட்டுட்டுக் கன்னி மூலைக்கு நான் வரதா? கற்பூரம் காட்ன எடம்மா அது" என்றார் கோவிந்தசாமி.

நான் ஆளுக்கு ஆள் இடம் சொன்னேன், விரல் நீட்டிச் சொன்னேன். சர்வசமம் என்றால் என்ன என்று சொன்னேன். அண்ணன் துண்டில் கூர் மூலை கிணற்றடியில், தம்பி துண்டில் கூர் மூலை கன்னி மூலையில், கூர் கூருக்குத்தான் போக வேண்டும் என்றேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. வரப்பில் ஆளுக்கொரு கட்சி பிரிந்துவிட்டது. முறுக்குக்காரர் ஏழுமலை கட்சி.

அப்போது பக்கத்து வயலிலிருந்து தேன்மொழியின் குரல் வந்தது. "நைனா! சித்தப்பா! நீங்க ரெண்டு பேரும் மாறி நிக்கலன்னா நான் இங்கியேதான் நிப்பேன். மாப்பிள்ள வீட்ல வந்தா இங்கியே தாலி கட்டச் சொல்லுங்க. இந்த வயல்கார மாமா பந்தல் போட்டுக்கட்டும்!"

"எனக்கு இன்னாம்மா, போட்டா போச்சு" என்றார் வயல்காரர்.

கோவிந்தசாமி எலுமிச்சம்பழத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெதுவாகக் காலை எடுத்து வைத்தார். ஏழுமலையும் நகர்ந்தான். நான் தேன்மொழியைப் பழைய மூலைக்கே திரும்பிப் போய், அங்கிருந்து எல்லோரோடும் சேர்ந்து நடக்கச் சொன்னேன்.

அண்ணனும் தம்பியும் இடம் மாற வழி ஒன்றுதான், இருவரையும் பிரித்த அந்தக் குறுக்குக்கோடு. அதன் மேலேயே எதிரும் புதிருமாக நடந்து வந்தார்கள், தொய்கிற கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே. வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கு, இன்னொரு குறுக்குக்கோட்டின் மேல் தேன்மொழி வந்தாள். இரண்டு குறுக்குக்கோடும் ஒன்றையொன்று நடுவில் வெட்டும் என்பதும் ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புச் சமாசாரம்தான். மூன்று பேரும் வயலின் நட்டநடுவில் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள். கயிறு மூன்றும் அங்கே சிக்கிக்கொண்டது. ஏழுமலை தலையை ஆட்டி விடுவிக்கப் பார்த்தான், அது இன்னும் சுற்றிக்கொண்டது.

"தலயக் குனிடா" என்றார் கோவிந்தசாமி. "கழுத்துல மாட்டிக்கப் போவுது."

ஏழுமலை குனிந்தான். அண்ணன் கயிற்றைத் தூக்கித் தம்பியின் தலைக்கு மேலாக எடுத்து அந்தப் பக்கம் போட்டார். எடுத்த கை தம்பியின் தோளில் ஒரு கணம் தங்கியது. தேன்மொழி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் மூலைக்கு நடந்தாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெயில் கண்ணில் பட்டதாக முனுசாமியிடம் சொன்னேன்.

அவரவர் மூலையில் நின்று இழுத்தார்கள். கயிறு மூன்று பக்கமும் விறைத்தது. மூன்று மஞ்சள் முடிச்சும் மூன்று மூலையில் அச்சாக உட்கார்ந்தன. முறுக்குக்காரர் முதல் ஆளாகக் கை தட்டினார். ஏழுமலை கயிற்றை ஒட்டியே சுற்றி நடந்தான், ஓரிடத்தில் குனிந்து கயிற்றுக்கும் வரப்புக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தான். விரல் நுழையவில்லை.

"சரியாத்தான் இருக்குது மேடம்" என்றான்.

எல்லைக் கல்லோடும் கடப்பாறையோடும் காத்திருந்த முனுசாமி, "அப்ப நடலாமா மேடம்?" என்று எழுந்தார். ஏழுமலை போய் அந்தக் கடப்பாறையை அவர் கையிலிருந்து வாங்கினான். அவனே தோண்டப் போகிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"தேனு, பந்தக்காலுக்குக் குழி தோண்டியாச்சா?"

"இல்ல சித்தப்பா. நீ வருவன்னுதான்..."

அவன் கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். "இர்ரா, நானும் வரேன், அங்க தரை கல்லு மாதிரி இருக்குது" என்று கோவிந்தசாமி பின்னாலேயே ஓடினார்.

"மேடம், அது கெவுருமென்டு கடப்பாறை!" என்று முனுசாமி பதறினார்.

"போவட்டும் வுடுங்க முனுசாமி" என்றேன். "இன்னிக்கு அதுக்கு அங்கதான் வேலை."